கடைசியாகத் தொட்டவர்

லிஃப்ட் ஓடவில்லை. லிஃப்ட் ஓடாதது ஒன்றும் உலக அதிசயமில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்ததே லிஃப்ட்டுகளைப் பராமரிக்கும் கம்பெனிதான் என்பதால், கீழே நின்றிருந்த குறுக்குக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அத்தான், இவங்க லிஃப்ட்டே நின்னு போச்சு. இதுல இவங்க சர்வர் ஏன் நின்னுச்சுன்னு நாம கண்டுபிடிக்கணுமாம்."

"ஒண்ணொண்ணா பாப்போம்" என்றார் சந்தேகம்.

சந்தேகம் என்பது அவருக்கு ஊரார் வைத்த பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் "எதுக்குக் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்பார். தொழில், துப்பறிதல். குறுக்கு அவருடைய மனைவியின் தம்பி. அடுத்தவர் பேச்சில் குறுக்கே விழுவதை ஒரு கடமையாகச் செய்து வந்ததால் அந்தப் பெயர். மீசையில் நரை தட்டிவிட்டது. வாய் மட்டும் இன்னும் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது.

லிஃப்ட் வாசலில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. கனத்த அட்டைப்பெட்டியோடு நின்ற ஒருவரைக் காவலாளி பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களை யாருங்க பட்டனை அமுக்கச் சொன்னது? காலையிலேர்ந்து நல்லா ஓடிட்டிருந்துச்சு. நீங்க வந்து அமுக்கினீங்க, நின்னு போச்சு."

"அமுக்காம லிஃப்ட்ல எப்படிய்யா ஏறறது?"

அதில் நியாயம் இருப்பதாகக் குறுக்குக்குப் பட்டது. ஆனாலும் வாடிக்கையாளரிடம் நல்லபெயர் வாங்க வேண்டிய நாள் என்பதால் வாயைக் கட்டிக்கொண்டு அத்தானின் பின்னால் படியேறினான். மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. அங்கே லிஃப்ட்டின் கம்பிக் கதவு முழுதாகச் சாத்தாமல் நான்கு விரல்கடை திறந்திருந்தது. இடையில் யாரோ ஒரு துடைப்பத்தைச் செருகி வைத்திருந்தார்கள்.

குறுக்கு துடைப்பத்தை உருவிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினான். கீழே ஏதோ உறுமியது. கயிறு அசைந்தது. கொஞ்ச நேரத்தில் அட்டைப்பெட்டிக்காரர் அவர்கள் கண் முன்னாலேயே நின்ற நிலையில் மேலே போனார். போகிற போக்கில் ஒரு கும்பிடும் போட்டார்.

"அத்தான், கதவைச் சாத்தினது நாம. போறது அவரு."

சந்தேகம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "திட்டு வாங்கினதும் அவருதானே. கணக்கு சரியாப் போச்சு. இந்தத் துடைப்பத்தை வச்சது யாரா இருக்கும்?"

"அது நமக்கு எதுக்கு?"

"யாருன்னு தெரியலை. பட்டனை அமுக்கினவர் இல்ல. அது மட்டும் தெரியுது."

கம்பெனிக்குள் நுழைந்தபோது நீலச் சட்டை மெக்கானிக்குகள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து போன்கள் ஒன்று மாற்றி ஒன்று அலறின. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட், யார் போக வேண்டிய முறை, எந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதெல்லாம் டேட்டாபேஸ் சர்வருக்குள் இருந்தது. சர்வர் காலையில் கண்ணை மூடியதிலிருந்து மொத்தக் கம்பெனியும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

முதலாளி அவர்களைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப் போனார். அறுபதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டை, உரத்த குரல். உட்காரச் சொல்லும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"விஷயம் சின்னது. எங்க அண்ணன் மகள்தான் சர்வரைப் பாத்துக்கறா. பாப்பான்னு கூப்பிடுவோம். சர்வர் எப்படி ஓடணும்னு எழுதி வச்சிருக்கற கான்ஃபிக் ஃபைல் ஒண்ணு இருக்கு. காலையில அதுல கையை வச்சா. எதையோ மாத்தினா. சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்பினா. கிளம்பலை. கடைசியா தொட்டது அவ. அவதான் கெடுத்தான்னு நீங்க எழுத்துல குடுத்துடணும். சாயங்காலம் வக்கீல் வர்றார்."

"வக்கீல் எதுக்கு?"

"கம்பெனில பாதி எங்க அண்ணன் பங்கு, அவர் காலமானப்பறம் அவளுது. ஆனா கம்பெனிக்குக் கேடு பண்ணினவங்க நிர்வாகத்துல வாய் திறக்கக் கூடாதுன்னு எங்க அண்ணனே அன்னிக்கு எழுதி வச்சிருக்கார். எனக்கு மட்டும் ஆசையா? அண்ணன் மகளாச்சேன்னு எவ்வளவோ பொறுத்துட்டேன்."

"என்ன கண்டுபிடிக்கணும்னு முதல்லயே சொல்லிட்டீங்க" என்றார் சந்தேகம். "இனிமே கண்டுபிடிக்கறது ஒண்ணுதான் பாக்கி."

முதலாளி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. இந்தக் கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டதே நான்தான். அப்பல்லாம் கறுப்புத் திரைதான். எல்லாம் நானே பண்ணுவேன்."

அப்போது கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அத்தான்..."

முதலாளியும் திரும்பினார், பழக்கதோஷத்தில் சந்தேகமும் திரும்பினார். மேனேஜர் முதலாளியின் மனைவியுடைய தம்பி. உருண்டையான முகம், ஒரு கன்னத்தில் மட்டும் தலையணைத் துணியின் மடிப்புக் கோடு. மத்தியானச் சாப்பாட்டு நேரம் இன்னும் முடியவில்லை.

அந்த ஆளைப் பார்த்ததும் குறுக்கு நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். ஒரு குடும்பக் கம்பெனியில் ஏதாவது காணாமல் போனால் எல்லார் கண்ணும் முதலில் எங்கே போகும் என்பது அவனுக்கு அனுபவப் பாடம். வீட்டில் டார்ச் லைட் காணவில்லை என்றாலும் அத்தான் அவனைத்தான் பார்ப்பார்.

பாப்பா சாமான் அறையில் இருந்தாள். கப்பிகளுக்கும் சுருட்டி வைத்த எஃகுக் கயிறுகளுக்கும் நடுவில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதுக்காரியை யார் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார்களோ, மூத்த மெக்கானிக்குகள்கூட 'பாப்பா மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினாள். அழுதிருக்கிறாள் என்பது தெரிந்தது. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று இருந்ததும் தெரிந்தது.

"என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார் சந்தேகம்.

"ஒரே ஒரு எண் சார். ஒரே நேரத்துல எத்தனை பேர் உள்ள வந்து பாக்கலாம்ங்கற எண். மெக்கானிக்குங்க எல்லாருக்கும் போன்லயே வேலை விவரம் தெரியற மாதிரி பண்ணலாம்னு அதைக் கூட்டினேன். அந்த எண்ணை மாத்தினா சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்பணும். நிறுத்தினேன். கிளம்பலை."

"அப்பறம்?"

"பழைய எண்ணையே திரும்பப் போட்டேன். அப்பவும் கிளம்பலை."

சந்தேகம் சுவரோரம் இருந்த கப்பியின் மேல் கையை வைத்தார். அவருக்கு ஏதாவது பிடிபட்டால் எதையாவது பிடித்துக்கொள்வார் என்பது குறுக்குக்குத் தெரியும்.

"பழசைப் பழையபடி போட்டும் கிளம்பலை?"

"ஆமா. ஏன்னு பாக்க, சர்வர் எழுதி வச்சிருக்கற காரணத்தைத் திறக்கப் போனேன். அதுக்குள்ள சித்தப்பா வந்துட்டார். என்ன சொல்றேன்னே கேக்கலை. எல்லார் முன்னாடியும் வெளிய போன்னு சொல்லி ரூமைப் பூட்டிட்டார்."

"இதுக்கு முன்னாடி சர்வரை எப்ப நிறுத்தினீங்க?"

"நிறுத்தினதே இல்ல." அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "ஓடற மெஷினை நிறுத்தக் கூடாதுங்கறது அப்பாவோட சட்டம். லிஃப்ட் மோட்டார்ல ஆரம்பிச்சு எல்லாத்துக்கும் அதே சட்டம்தான். கரண்ட் போனாலும் சர்வர் நிக்கக் கூடாதுன்னு பேட்டரி, பேட்டரிக்கு மேல ஜெனரேட்டர். இங்க வாசல்ல இருக்கற கடிகாரம் தப்பா ஓடுது, அதைக்கூட நிறுத்திச் சரி பண்ண அவர் கடைசி வரைக்கும் விடலை."

குறுக்கு சிரித்துவிட்டான். அவளும் பாதி சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"வேலை போறதைப் பத்தி எனக்குக் கவலை இல்ல சார். எங்க போனாலும் ஒரு சர்வர் இருக்கும். ஆனா வெளிய உக்காந்திருக்காங்களே, அவங்க என்னைத் தோள்ல தூக்கிட்டு மெஷின் ரூம் எல்லாம் காட்டினவங்க. அப்பா கட்டினதைப் பொண்ணு கெடுத்துட்டான்னு அவங்க நினைச்சுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

பதில் சொல்லத் தெரியாத கேள்விகளுக்குக் குறுக்கு வழக்கமாக ஒரு கிண்டல் வைத்திருப்பான். அன்று எதுவும் வரவில்லை. அவனுக்குக் கோபம் வந்தது, அது யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சர்வர் அறையின் சாவி மேனேஜரிடம் இருந்தது. கேட்டபோது மனிதர் மென்று விழுங்கினார். "அது... அத்தான் யாரையும் விடக் கூடாதுன்னு..." என்று இழுத்தார்.

"கெடுத்தவங்களைக் கெடுத்த இடத்துல வச்சு விசாரிக்கணும். எங்க தொழில்ல அப்படித்தான்" என்றார் சந்தேகம். அப்படி ஒரு வழக்கம் எந்தத் தொழிலிலும் இல்லை.

கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. கம்பெனியிலேயே உருப்படியாக ஓடிய ஏசி அங்கேதான் இருந்தது. கறுப்பு அலமாரிக்குப் பின்னால் குறுக்கு எட்டிப் பார்த்தான். தரையில் ஒரு பாய், ஒரு தலையணை, மடித்து வைத்த போர்வை.

"யாரோ இங்க குடித்தனமே நடத்தறாங்க அத்தான்."

மேனேஜரின் முகத்தில் ஈ ஆடவில்லை. "சாப்பிட்டதும் கொஞ்சம் கண்ணை அசத்தும். அஞ்சு நிமிஷம்தான். அத்தான் கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். சந்தேகம் தலையணையை எடுத்து, திருப்பிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தார். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்காதது குறுக்கை இன்னும் பயமுறுத்தியது. தினமும் சர்வர் அறைக்குள் ஆளில்லாத நேரத்தில் போய் வருகிற மச்சான். இதைவிட வசதியான குற்றவாளியைத் தேடினாலும் கிடைக்காது.

மேனேஜரைக் காப்பி சொல்ல அனுப்பிவிட்டு, பாப்பாவை உட்காரச் சொன்னார்கள். அவள் விரல்கள் தட்டின. சர்வர் தன் பாட்டுக்கு எழுதி வைத்திருந்த கடைசி வரி திரையில் வந்தது. அவள் ஒரு முறை படித்தாள். மறுபடி படித்தாள்.

"என்னங்குது?" என்றார் சந்தேகம்.

"நான் மாத்தின எண்ணைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல சார். டேட்டா இருக்கற ஃபோல்டரை யார் வேணும்னாலும் திறக்கலாம்னு இருக்கு, அதனால நான் கிளம்ப மாட்டேன்ங்குது."

"அதாவது கெட்டுப் போகலை. கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு" என்றான் குறுக்கு.

"கிட்டத்தட்ட அப்படித்தான். அந்த ஃபோல்டர் சர்வருக்கு மட்டும்தான் திறக்கணும். வேற யாருக்காவது திறந்தா, பத்திரமா இல்லைன்னு அது கிளம்பவே கிளம்பாது." அவள் இன்னொரு கட்டளை தட்டினாள். உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்தாள். "மூணு ஏழு! யாரோ மூணு ஏழு போட்டிருக்காங்க!"

"அது என்ன, லாட்டரி எண்ணா?"

"ஃபோல்டருக்குப் பூட்டு மாதிரி மூணு எண் போடணும். சொந்தக்காரருக்கு ஒண்ணு, கூட இருக்கறவங்களுக்கு ஒண்ணு, மத்த எல்லாருக்கும் ஒண்ணு. ஏழுன்னா என்ன வேணா பண்ணிக்கோன்னு அர்த்தம். மூணும் ஏழுன்னா பூட்டே இல்லைன்னு அர்த்தம். விஷயம் தெரிஞ்சவங்க யாரும் இதைப் போட மாட்டாங்க."

"கதவு திறந்திருக்கு. அதான் கிளம்பலை" என்றார் சந்தேகம். குறுக்கின் கண் முன்னால் மூன்றாவது மாடித் துடைப்பம் வந்து போனது. "சரிம்மா. ஓடிட்டிருக்கறப்ப யாராவது கதவைத் திறந்தா நின்னுடாதா?"

"லிஃப்ட்னா நின்னுடும். இது கிளம்பறப்ப ஒரு தடவைதான் கதவைப் பாக்கும். கிளம்பிட்டா அப்பறம் பாக்காது."

"நீங்க இதை நிறுத்தினதே இல்ல. அப்ப இந்தக் கதவு எப்ப வேணும்னாலும் திறந்திருக்கலாம். போன வாரம், போன மாசம். இது பேசாம ஓடிட்டிருந்திருக்கு. இன்னிக்குக் காலையில நீங்க பட்டனை அமுக்கியிருக்கீங்க. அவ்வளவுதான்."

பாப்பா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு விசைப்பலகைப் பக்கம் கையை நீட்டினாள். "ஒரு வரி போதும் சார். சாத்திட்டுக் கிளப்பிடறேன்."

"இப்ப சாத்தாதீங்க."

"வெளிய எல்லாரும் சும்மா உக்காந்திருக்காங்களே!"

"நீங்க சாத்தினா இது ஓடும். எல்லாரும் வேலைக்குக் கிளம்பிடுவாங்க. அவளே கெடுத்தா, அவளே சரி பண்ணினான்னு உங்க சித்தப்பா வக்கீல் கிட்ட சொல்வார். கதவை யார் திறந்ததுன்னு அதுக்கப்பறம் யாரும் கேக்க மாட்டாங்க. கொஞ்சம் பொறுங்க." அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். "இதுக்குள்ள போக ஒரு பாஸ்வேர்ட் இருக்குமே. யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. மேனேஜர் மாமாவுக்கு. சித்தப்பாவுக்கு."

"டேட்டா உங்களுக்கு வேணும்னா எப்படி எடுப்பீங்க?"

"அதுக்குன்னு முறை இருக்கு. ஃபோல்டர் பக்கமே போகாம முழுசா ஒரு காப்பி எடுத்துடுவேன்."

"அப்ப நீங்க இல்ல. வாசல் சாவி வச்சிருக்கறவங்க ஜன்னலை நெம்ப வேண்டியதில்ல. முறை தெரியாத யாரோ, இந்த ஃபோல்டரை அப்படியே அள்ளணும்னு திறந்திருக்காங்க. அள்ளிட்டுச் சாத்த மறந்துட்டாங்க."

மீதி இருந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் அவர்களைக் கூலி கொடுத்துக் கூப்பிட்டவர். இன்னொருவருக்கு அதே அறையில் தலையணை இருந்தது. குறுக்குக்குப் பொறுக்கவில்லை.

"எனக்குத் தெரியும் அத்தான், எங்க வந்து நிப்பீங்கன்னு. பொண்டாட்டியோட தம்பின்னு ஒருத்தன் இருந்துட்டா போதும், உலகத்துல நடக்கற எல்லாத்துக்கும் அவன்தான் காரணம். அந்த மனுஷன் தூங்கறதுக்குத்தான் இங்க வர்றான். முகத்தைப் பாத்தாலே தெரியலையா?"

"தெரியலை. உனக்குக் கம்ப்யூட்டர் இருக்கா?"

"இல்ல."

"இருக்கு. இந்த சர்வர் ரகம், கறுப்புத் திரை. அதுல ஒரு ஃபோல்டர் திறக்க மாட்டேங்குது. உங்க அக்கா போட்டோ எல்லாம் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. திறந்தா 'அனுமதி இல்லை'ங்குது. ரெண்டு பேர் கிட்டயும் யோசனை கேளு. சர்வரைப் பத்தி மட்டும் மூச்சு விடாதே."

இது குறுக்குக்குக் கை வந்த கலை. இல்லாத பொருளுக்குப் பழுது சொல்லி அவன் அக்காளிடம் எத்தனையோ தடவை காசு வாங்கியிருக்கிறான்.

மேனேஜர் காப்பித் தட்டோடு எதிரே வந்தார். குறுக்கு தன் சோகத்தைச் சொன்னான். மேனேஜர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு."

"அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாதுங்க. நான் உடனே பாப்பாவைக் கூப்பிட்டுடுவேன்."

"உங்ககிட்ட சர்வர் பாஸ்வேர்டே இருக்காமே?"

"பாப்பா குடுத்துச்சு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவுல ஒரு நட்சத்திரம்னு என்னென்னவோ சொல்லிச்சு. சரி சரின்னு தலையை ஆட்டினேன். அன்னிக்கு மத்தியானமே மறந்துட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "அதையும் அத்தான் கிட்ட சொல்லிடாதீங்க."

குறுக்கு ஒரு காப்பியை எடுத்துக்கொண்டு, மறு கையால் அந்த மனிதரின் தோளைத் தட்டினான். ஏன் தட்டினான் என்று மேனேஜருக்கு விளங்கவில்லை.

முதலாளியின் கண்ணாடி அறைக்கு எல்லாருமே போனார்கள். சந்தேகம் நாற்காலியில் உட்கார்ந்தார். பாப்பாவைக் கதவருகே நிற்க வைத்தார். காப்பித் தட்டோடு மேனேஜர் பின்னால் வந்து நின்றார்.

"கண்டுபிடிச்சாச்சா?" என்றார் முதலாளி, பாப்பாவைப் பார்க்காமல்.

"ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு" என்றார் சந்தேகம். "அதுக்குள்ள என் மச்சினன் உங்ககிட்ட ஏதோ கேக்கணும்னான்."

குறுக்கு தலையைச் சொறிந்தான். "நீங்க பெரிய ஆளு, உங்ககிட்ட கேக்கக் கூச்சமா இருக்கு. வீட்ல ஒரு பழைய கம்ப்யூட்டர். கறுப்புத் திரைதான். அக்கா போட்டோ இருக்கற ஃபோல்டரைத் தொட்டா அனுமதி இல்லைங்குது. கெஞ்சிப் பாத்துட்டேன்."

முதலாளி முகம் மலர்ந்தது. அன்று காலையிலிருந்து யாரும் அவரிடம் யோசனை கேட்டிருக்கவில்லை.

"இதுக்குப் போய்க் கெஞ்சறதா? மெஷின் கிட்ட எப்பவும் கெஞ்சக் கூடாது. மூணு ஏழு போடுங்க. போட்டா எந்த ஃபோல்டரும் வாயைத் திறந்துடும். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு இது தெரியாது. போன மாசம் கூட நான்..."

நிறுத்திக்கொண்டார். கதவருகே நின்ற அண்ணன் மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் கூட?" என்றார் சந்தேகம்.

"ஒண்ணுமில்ல. ஏதோ பேச்சுக்குச் சொன்னேன்."

"சர்வர் கிளம்பாததுக்கு அந்த மூணு ஏழுதான் காரணம்னு சர்வரே எழுதி வச்சிருக்கு. உங்க அண்ணன் மகள் மாத்தின எண் இல்ல."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" முதலாளிக்குக் குரல் எகிறியது. "நான் எடுத்தப்பறமும் அது நல்லாத்தானே ஓடிச்சு?"

வெளியே ஒரு போன் அடித்து ஓய்ந்தது. முதலாளிக்குத் தான் சொன்னது தன் காதிலேயே கொஞ்சம் தாமதமாக விழுந்தது போலிருந்தது.

"என்ன எடுத்தீங்க சித்தப்பா?" என்றாள் பாப்பா.

சப்பைக்கட்டுக் கட்ட இரண்டு தடவை வாயைத் திறந்தார். மூன்றாவது தடவை உண்மை வந்தது. ஊரில் இவர்களைவிடப் பெரிய லிஃப்ட் கம்பெனி ஒன்று இவர்களை விலைக்குக் கேட்டிருந்தது. பேச்சு முடியும் முன்னால் வாடிக்கையாளர் விவரம் எல்லாம் பார்க்க வேண்டும் என்றது. அவர் தன் அறையிலிருந்தே அந்த ஃபோல்டரை இழுத்துப் பார்த்தார், அனுமதி இல்லை என்றது. அந்தக் காலத்து வித்தை கைவசம் இருந்தது. திறந்தார், எடுத்தார், கொண்டுபோய்க் கொடுத்தார்.

"எனக்கும் முடியலைம்மா. அண்ணன் இருந்தவரைக்கும் ரெண்டு பேரு. இப்ப எல்லாத்துக்கும் நானே ஓடணும். உன்கிட்ட சொன்னா நீ ஒத்துக்கவே மாட்டே."

"கேட்டீங்களா?"

அவர் மேஜையைப் பார்த்தார்.

"நான் கெடுக்கலைன்னு உங்களுக்குக் காலையிலேயே தெரியுமா?"

"சத்தியமா தெரியாது பாப்பா. நீதான் கெடுத்தேன்னு நம்பினேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நம்பறதுக்கு வசதியா இருந்துச்சு. நீ நிர்வாகத்துல இல்லைன்னா விக்கறதுக்கு உன் கையெழுத்து கேக்க வேண்டாமேன்னு தோணுச்சு."

குறுக்குக்கு வாழ்க்கையில் பல பேரைத் திட்டத் தோன்றியிருக்கிறது. இந்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து பார்த்த சித்தப்பாவின் மேல் அவள் பார்வை அசையாமல் இருந்தது.

"நீங்க எழுத்துல கேட்டீங்க" என்றார் சந்தேகம் முதலாளியிடம். "எழுதித் தர்றேன். வக்கீல் வர்றதுக்குள்ள ஆயிடும்."

பாப்பா எதுவும் சொல்லாமல் திரும்பி நடந்தாள். சர்வர் அறைக்குள் போனாள். ஒரு வரி தட்டினாள், கதவு சாத்திக்கொண்டது. இன்னொரு வரி தட்டினாள், சர்வர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கிளம்பியது. மூன்றாவதாகப் பாஸ்வேர்டை மாற்றினாள். வெளியே கூடத்திலிருந்த திரைகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. யாரோ விசில் அடித்தார்கள்.

அவள் நடுக்கூடத்துக்கு வந்து நின்றாள். குரல் கரகரத்தது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"நம்ம வாடிக்கையாளர் விவரம் வெளிய போயிருக்கு. ஓடற சர்வர்லேர்ந்து அள்ளினது, பாதி திறக்காது. திறந்த பாதியே போதும், எந்த ஒப்பந்தம் எப்ப முடியுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த மாசம் முடியறவங்க எல்லாரையும் இன்னிக்கே கூப்பிடறோம். மாமா, நீங்க அந்த போனை எடுத்துக்குங்க. மத்தவங்க ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்க."

மேனேஜர் காப்பித் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஓடினார். அந்த வேகம் அந்த உடம்பில் இருக்கும் என்று குறுக்கு எதிர்பார்க்கவில்லை.

முதலாளி கண்ணாடி அறை வாசலில் நின்றிருந்தார். உள்ளே போய் உட்காரவும் முடியவில்லை, வீட்டுக்குப் போகவும் கால் வரவில்லை.

"சித்தப்பா, நீங்களும் ஒரு போனை எடுங்க" என்றாள் பாப்பா.

"நானா? நான் என்ன முகத்தை வச்சுக்கிட்டுப் பேசுவேன்?"

"போன்ல முகம் தெரியாது. உங்க குரல்தான் அவங்களுக்குப் பழக்கம். நான் பேசினா பெரியவங்க யாரும் இல்லையாம்மான்னு கேப்பாங்க."

அவர் மெதுவாக வந்து ஒரு மெக்கானிக்கின் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் திரையைப் பார்த்து ஒரு எண்ணைச் சொன்னாள். அவர் அழுத்தினார். எடுத்தவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர். அவர் குரல் போனைத் தாண்டிக் கூடம் முழுக்கக் கேட்டது.

"நீங்களே கூப்பிட்டுட்டீங்க! நேத்து இன்னொரு கம்பெனிலேர்ந்து பேசினாங்க. நீங்க கம்பெனியை வித்துட்டீங்களாமே? இனிமே அவங்கதான் பாப்பாங்களாமே?"

முதலாளி அண்ணன் மகளைப் பார்த்தார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விரல்கள் மட்டும் நின்றுவிட்டன. பக்கத்திலிருந்த மெக்கானிக்குகளும் ரிசீவரைக் காதில் வைத்தபடி இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"வித்துடலாம்னுதான் இருந்தேன்" என்றார் அவர். "முதலாளி ஒத்துக்கலை."

"முதலாளியா? நீங்கதானே முதலாளி?"

"இல்லீங்க. எங்க அண்ணன் மகள்."



"யாரா இருந்தா எங்களுக்கென்ன? எங்க லிஃப்ட் காலையிலேர்ந்து ரெண்டாவது மாடிலயே நிக்குது. அந்தம்மா கிட்ட சொல்லி முதல்ல ஒரு ஆளை அனுப்பச் சொல்லுங்க."

அவர் ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"யாரை அனுப்பட்டும்மா?" என்று கேட்டார்.

அவள் திரையில் பார்த்துச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.